முக்கால் கண்ணாடித் தண்ணீர்

1. கிணற்றுத் தண்ணீர்

தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் முக்கால் கண்ணாடிக்குத் தண்ணீர் தெரியும்போதே பாய்லருக்குள் தண்ணீர் வற்றிப்போயிருக்கும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், "போப்பா, போய் வேற வேலை இருந்தா பாரு" என்று துரத்தியிருப்பேன். ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லர் ஹவுஸில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். ஃபர்ஸ்ட் கிளாஸ் அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பாய்லர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று மரக்காணத்துக்குத் திரும்பிய மறு வருடம், உப்பள முதலாளி துரைக்கண்ணு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அளத்துக் கொட்டகையில் பழைய ஸ்டீம் டிராக்ஷன் என்ஜின் ஒன்று கிடந்தது. ரயில் என்ஜினைக் குட்டையாக்கி, தண்டவாளம் இல்லாமல் மண்ணிலேயே ஓட அகலமான இரும்புச் சக்கரம் போட்டது மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் அதன் ஃப்ளைவீலில் பெல்ட் மாட்டிப் பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். டீசல் பம்பு வந்ததும் ஓரம் கட்டிவிட்டார்கள்.

"ஓட வெச்சுக் குடு ஏழுமலை, ஈசிஆர் ரோடு ஓரமா நிறுத்திக்கிறேன், போற வர்றவங்க பாக்கட்டும். முடியலன்னா முடியலன்னு சொல்லிடு. கேஸ் கட்டர் வெச்சு அறுத்துட்டு அந்த எடத்துல மூட்டை அடுக்கிக்கிறேன்" என்றார் துரைக்கண்ணு.

எனக்குத் துணை லூர்துசாமி. பாய்லர் வெல்டிங் படித்துத் தேறியவன். ஆரோவில் பக்கம் ஒரு பட்டறையில் பல வருடம் இருந்தவன். என்னைவிட இருபது வயது சின்னவன். பதினான்கு மாதம் இரண்டு பேரும் அந்த இரும்போடு மல்லுக்கட்டினோம். டியூப் அத்தனையும் புதிது. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டே போல்ட்டுகளை உப்புக்காற்று தின்றிருந்தது; ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துப் புதிதாகப் போட்டோம். சில போல்ட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். நான் கத்துவேன், அவன் சிரிப்பான். தண்ணீரை அழுத்தி ஒழுக்குப் பார்க்கிற ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. இனி நெருப்பு மூட்டி, அரசாங்க இன்ஸ்பெக்டர் முன்னால் ஸ்டீம் டெஸ்ட். அதற்கு நாலு மாதம் காத்திருந்து ஒரு தேதி வாங்கினோம்.

டெஸ்டுக்கு முந்தின நாள் பாய்லர் காலியாக இருந்தது. வானூரிலிருந்து வர வேண்டிய தண்ணீர் டேங்கர் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மத்தியானம் ஆகிவிட்டது. அளத்துக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. ஊரில் எல்லோரும் அதை நல்ல தண்ணிக் கிணறு என்பார்கள். நான் ஒரு கை மொண்டு வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்த்தேன். உப்பு தெரியவில்லை. "ஊத்துடா" என்றேன்.

என் அப்பா, அம்மா இரண்டு பேரும் அளத்தில் உப்பு வாரியவர்கள். அந்த மண்ணில் பிறந்தவன் நாக்குக்கு எது உப்பு, எது நல்ல தண்ணீர் என்று என்ன தெரியும்? கோடையில் அந்தக் கிணற்றுக்குள் கடல் ஏறுகிறது என்பதை ஊர் நாக்கு ஒத்துக்கொள்ளாது. எங்களுக்கு அது நல்ல தண்ணீர்தான். ஆலையில் தண்ணீர் பார்ப்பது லேப்காரர் வேலை. நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

சாப்பாடு கொண்டு வந்த லூர்துவின் மனைவி ஸ்டெல்லா பம்பையும் குழாயையும் பார்த்துவிட்டு நின்றாள்.

"இந்தத் தண்ணியாண்ணே ஊத்துறீங்க? இதுல பருப்பே வேகாதே. நான் சமையலுக்குக் கேன் தண்ணி வாங்குறேன்."

"பாய்லர்ல பருப்பு வேக வெக்கப் போறதில்லம்மா."

லூர்து சிரித்தான். "அவ வானூர்க்காரிண்ணே. கட்டிக்கினு வந்து பதினஞ்சு வருசமாவுது, இன்னும் நம்மூர்த் தண்ணிய கொற சொல்லிக்கினே இருக்கா."

நானும் சிரித்தேன். பருப்பு ஏன் வேகவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

2. ஸ்டீம் டெஸ்ட்

மறுநாள் விடியும்போது சவுக்குக் கட்டையில் தீ மூட்டினோம். ஒன்பது மணிக்குத் துரைக்கண்ணு வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஆயிடுமில்ல? பழைய இரும்பு லாரிக்காரன் போன் மேல போன் போட்டுக்கினு இருக்கான்."

"ஆயிடும் முதலாளி" என்றேன். அந்த லாரி என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாய்லர் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்குக் கிரவுன் ஷீட் என்று பெயர். அதற்குக் கீழே நெருப்பு, மேலே தண்ணீர். மேலே தண்ணீர் நிற்கும்வரை தகடு பிழைக்கும். தண்ணீர் இறங்கிவிட்டால் தகடு பழுத்து இளகும்; மேலே இருக்கிற ஸ்டீம் அதைக் கிழித்துக்கொண்டு நெருப்புக் கதவு வழியாக வெளியே வரும். அந்தக் கதவுக்கு நேராக நிற்பவனுக்கு எலும்பு மிஞ்சினால் அதிகம். அன்றைக்கு அங்கே நின்றவன் லூர்து.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். பிரஷர் நூறு பவுண்டைத் தொட்டதும் சேஃப்டி வால்வு தானாகத் தூக்கி ஸ்டீமை விட்டது. தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "என்ஜினை ஓட்டுங்க, பாக்கலாம்" என்றார். சிலிண்டருக்கு ஸ்டீம் விடும் ரெகுலேட்டரை லூர்து திறந்தான். ஃப்ளைவீல் அசைந்து, தயங்கி, சுற்ற ஆரம்பித்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் ஏறி நின்று பார்த்தார்கள். பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், வேலை முடிந்த ஸ்டீம் வெளியேறும் புகைபோக்கி தண்ணீர் துப்பத் தொடங்கியது. சிலிண்டருக்குள் டக் டக் என்று இடித்தது. ஸ்டீமோடு தண்ணீரும் ஏறி வருகிறது என்று அர்த்தம். கேஜ் கிளாஸைப் பார்த்தேன். முக்கால் கண்ணாடி, துள்ளிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஜாஸ்தியா இருக்குதுடா. இன்ஜெக்டரை மூடு" என்றேன்.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுவது இன்ஜெக்டர்தான். லூர்து மூடிவிட்டான். பாய்லர் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீரை என் வாயாலேயே நிறுத்தினேன்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் இருக்கும். துப்பல் நிற்கவில்லை, கிளாஸும் இறங்கவில்லை. அதெப்படி என்று எனக்கு உறுத்தியது. புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் ஸ்மோக்பாக்ஸுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தோம். அதன் மேல் விழுந்த துளிகள் சூட்டில் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பெயின்ட் கோளாறு என்று நினைத்திருப்பான். நான் அளத்துக்காரன். தண்ணீர் காய்ந்து வெள்ளை நின்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீமோடு வருவது உப்பு. உப்பேறிய தண்ணீர் பாய்லருக்குள் சோறு பொங்குகிற மாதிரி நுரைத்துக்கொண்டிருக்கிறது. கிளாஸில் துள்ளுவது நுரை. நிஜத் தண்ணீர் கீழே எங்கேயோ கிடக்கிறது. எங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஃபைலை ஜீப் பானெட் மேல் விரித்துவிட்டுப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பிறகு கத்தினேன். "ரெகுலேட்டரை மூடு லூர்து! மூடிட்டு எறங்கு!"

அவன் மூடினான். என்ஜின் நின்றது. நுரை அடங்கியது. முக்கால் கண்ணாடி பாதியாகி, கால் ஆகி, அடி நட்டுக்குக் கீழே போய் மறைந்தது. கிளாஸ் வெறுமையாகிவிட்டது. லூர்து என்னைப் பார்த்தான். அவன் கை தானாக இன்ஜெக்டருக்குப் போனது.

"கைய எடு! தொடாத!"

பழுத்த தகட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகிப் பாய்லரே வெடித்துவிடும். தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் விடத்தான் எவனுக்கும் கை போகும். அந்தக் கைதான் ஆளைக் கொல்லும்.

3. மணல்

நெருப்பைக் கொல்ல வேண்டும். அதன் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது, கதவு வழியாக ஆவி முகத்தில் அடிக்கும். ஈர மணலை அள்ளி மூட வேண்டும். வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்துத் துரைக்கண்ணு கையை ஆட்டினார். "அந்தப் பக்கம் ஓடுங்கம்மா, நிக்காதீங்க!" இன்ஸ்பெக்டரும் அவர்களோடு நகர்ந்தார்.

ஷெட்டு ஓரத்தில் மணல் குவியல் இருந்தது. லூர்துவைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போடா. நான் பாத்துக்கிறேன்."

"ஒத்த ஆளா என்னண்ணே பண்ணுவ? கதவை யார் புடிக்கிறது?"

அவன் போகவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கதவின் பிடியை இழுத்துத் திறந்தான். நான் மண்வெட்டியில் மணலை வீசினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கதவுக்கு நேராக வந்து போக வேண்டும். எத்தனை வீச்சு என்று எண்ணவில்லை. பாதியில் என் வீச்சு தளர்ந்ததும் அவன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். நான் கதவைப் பிடித்தேன். உள்ளே சவுக்குக் கட்டைகள் மணலுக்கு அடியில் சீறின. கடைசியில் வெளிச்சம் அடங்கியது. காற்றுக் கதவை மூடிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

வரப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டோம். பிரஷர் கேஜின் முள் அங்கிருந்து தெரியவில்லை. காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தோம். இரும்பு ஒவ்வொரு தடவை டிக் என்று சுருங்கும்போதும் லூர்து என் முழங்கையைப் பிடித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்ஸ்பெக்டர்தான் முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "பிரஷர் எறங்கிடுச்சு, வாங்க" என்றார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தண்ணி சார். கிணத்துத் தண்ணி ஊத்திட்டேன். நான்தான் நாக்குல வெச்சுப் பாத்துட்டுச் சரின்னேன்."

"உங்க மில்லுலயும் நாக்குலதான் பாப்பீங்களா?"

"இல்ல சார். லேப் இருக்குது."

அவர் ஃபைலை எடுத்தார். தண்ணீர் ரிப்போர்ட்டோடு மறுபடி டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

துரைக்கண்ணு அறுத்துவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "ஏம்பா, இந்தத் தேதி போனா இன்னொரு தேதி. மூட்டை நாளைக்கேவா அடுக்கப்போறேன்? ரெண்டு பேரும் உசுரோட இருக்கீங்கல்ல." பளாரென்று அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

4. லூர்து கேட்டது

மறுநாள் மணலையும் கரியையும் வாரிவிட்டு, லூர்து நெருப்புப் பெட்டிக்குள் நுழைந்து டார்ச் அடித்தான். கிரவுன் ஷீட்டில் ஓர் ஈயப் பிளக் உண்டு. தகடு காய்ந்தால் முதலில் அதுதான் உருகும். அதன் அடியில் மிளகு அளவுக்கு ஈயம் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எப்பண்ணே தெரிஞ்சுது உனக்கு?"

அப்பதான், தெரிஞ்சதும் கத்திட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். பதினான்கு மாதம் நான் சொன்னதையெல்லாம் நம்பியவன்.

"வெள்ளைப் புள்ளியப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சுடா. அந்த ஆளு பேனாவத் தொறந்துக்கினு இருந்தாரு. கையெழுத்து விழுந்துடட்டுமேன்னு கொஞ்சம் சும்மா நின்னுட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்."

லூர்து துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அந்த நேரத்துலதாண்ணே நான் குனிஞ்சு இன்னொரு கட்டை போட்டேன்" என்றான்.

மூன்று மாதம் கழித்து, லேபில் பார்த்த தண்ணீரை ஊற்றி என்ஜின் பாஸ் ஆனது. அன்றைக்கு நெருப்புக் கதவுக்கு முன்னால் நான் நின்றேன். லூர்துவை கேஜ் கிளாஸ் பக்கம் நிறுத்தினேன். இப்போதும் என்னோடு வேலைக்கு வருகிறான், அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். தண்ணீரை நாக்கில் பார்க்காதே, லேபுக்கு அனுப்பு என்று உங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லும். அது தெரியாமல் செய்த தப்பு. அவன் குனிந்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்த பிறகும் அந்தக் கட்டையைப் போட விட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.