பாடாங் நிபோங் நிலையத்தின் தார்ப்புள்ளி

காலை 9.10. பீடோங் சந்தையருகே டாக்சி பிடித்தேன். பாடாங் நிபோங் பழைய ரயில் நிலையம் ஒன்பது கிலோமீட்டர்; கட்டணம் பதினெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

“அங்க ரயிலு நிக்காதுண்ணே. ரெட்டைத் தண்டவாளம் போட்டதும் மூடிட்டாங்க. அங்க இருக்குற கடையில தேத்தண்ணி குடிக்கவா போறீங்க?” என்றார் ஓட்டுநர்.

ரயில் நிற்காத நிலையத்தைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமென்று தலையாட்டினேன்.

9.35. அடடா! செம்பனைகளுக்கு நடுவே அந்த மரக்கட்டடம் அப்படியே நிற்கிறது. ஊர்க்காரர்கள் ஒரு பலகைகூடக் கெடவிடவில்லை. எங்களூர் நிலையத்தை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். இங்கே டிக்கெட் கொடுத்த அதே ஓட்டை வழியாக, தேநீர்க்கடை நடத்தும் புஷ்பம் அக்கா நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் நீட்டுகிறார்.

பெயர்ப்பலகைக் கதையையும் அவர்தான் சொன்னார். ரோமன், அரபு வடிவ ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர். தமிழ் தெரியாமல் பார்த்து வரைந்தவர் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார். ‘நிபோங்’ என்பது ‘நிபோங’ ஆயிற்று.

“எறங்குற சனத்தப் பாத்து ‘நீ போங்க’ன்னு சொல்ற ஸ்டேசன்னு தோட்டமே சிரிச்சிச்சாம். எங்கப்பா கம்பிச்சடக்கு வேலக்காரரு, ரயில் பாதை போடுறவரு. தண்டவாளக் கட்டைக்குப் பூசுற தார எடுத்து, ஏணியில ஏறி ஒரு புள்ளி வச்சாரு. காலமெல்லாம் இங்கதான் ஒழைச்சாரு. அவரு பேரு எங்கயும் இல்ல. அந்தப் புள்ளிதான் இருக்கு, தம்பி.”

10.20. காட்டுகிறேன் வாருங்கள் என்று வெளியே அழைத்துப் போனார். பலகைக்குச் சாயம் பூச ஊரார் அமர்த்திய ஃபைசால் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்துகள் பளபளத்தன. புள்ளியைக் காணோம்!

“கோத்தோர் லா, காக்,” என்றார் ஃபைசால் மலாயில், அக்காவைப் பார்த்து. அழுக்கென்று சுரண்டிவிட்டாராம்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் ஃபைசால் பதறிப்போய், வெள்ளையில் வைத்துத் தருகிறேன் என்று தூரிகையை எடுத்தார். அக்கா வேண்டாமென்று கையமர்த்தினார். கூரை ஒழுக்கை அடைக்க வைத்திருந்த தார் டப்பாவைக் கொண்டுவந்து, சாரோங்கைத் தூக்கிச் செருகி, அவரே ஏறினார். ஃபைசால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். விரலால் அழுத்தி வைத்த புள்ளி கோணலாக விழுந்தது.

“அப்பா வச்சதும் கோணதான்,” என்றார்.

10.40. திரும்பக் கூட்டிப்போக வரச்சொல்லியிருந்த டாக்சி ஹாரன் அடித்தது. படமெடுக்கப் பலகைக்கு நேர் கீழே போய் நின்றேன்.

“தாரு சொட்டுது, சட்டையில விழும். நீ போங்க லா!” என்று ஏணி மேலிருந்தே விரட்டினார் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஏணி ஆடும் அளவுக்குச் சிரித்தார்.