சொல்யூஷன் படாத எல்போ

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடி மலர்க்கொடி பிளம்பர் என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். பதினோரு வருஷம் சித்தாளாகப் பைப் தூக்கியபடியே கண்ணால் திருடிய தொழில் அது. மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப் வெடித்தபோது, பிளாக்கைப் பார்த்துக்கொள்ளும் சுப்பராயன்கூட வெளியாளைத்தான் தேடினார். ஞாயிற்றுக்கிழமை, ஒருவனும் வரவில்லை. வேறு வழியில்லாமல் இவளைக் கூப்பிட்டார். சொந்த பிளாக்கில் முதல் வேலை. இதில் கோட்டைவிட்டால் இனி அந்தப் பக்கம் ஒருத்தரும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஊதா நிறப் பிரைமர் தடவி, மேலே பைப் ஒட்டும் பசையான சொல்யூஷன் பூசி, சொருகிக் கால் திருப்பு திருப்பி, முப்பது எண்ணும்வரை பிடித்த பிடியை விடமாட்டாள். முப்பதைப் பத்தாக்கும் பிளம்பர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

வேலை முடிந்த கையோடு சுப்பராயன் வால்வைத் திறக்கச் சொன்னார். காய வேண்டும், சாயங்காலம்தான் என்று மறுத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே இறங்கினாள். ஒட்டிய இடத்தில் சொல்யூஷன் விளிம்பில் மெல்லிசாகப் பிதுங்கி நிற்கும். இரண்டாம் மாடியில் பைப் மடங்கித் திரும்பும் எல்போவில் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. அங்கேதான் அந்த மாடியில் குடியிருக்கும் கெங்கம்மா டீ கொடுத்தாள். இவள் பிரைமர் தடவினாள், டீயைக் குடித்தாள், பைப்பைச் சொருகிவிட்டாள். சொல்யூஷன் பூசவே இல்லை.

அதற்கு மேலும் கீழும் உள்ள இணைப்புகள் இறுகிவிட்டன. அறுத்துத்தான் புதுசு போட வேண்டும், பிறகு விடியும்வரை காய வேண்டும். பேசாமல் விட்டால் இன்றைக்கு நிற்கும், நாளைக்கோ மறுநாளோ பிய்த்துக்கொள்ளும். மட்டமான சரக்கு என்று கடைக்காரன் தலையில் கட்டிவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

குடத்தோடு காத்திருந்தவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"ஒரு எல்போவ ஒட்டாம உட்டுட்டேன். தப்பு என்னுதுதான். காலைலதான் தண்ணி."

கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பொம்பளையிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. அறுத்து, ஒட்டி, இரண்டு தடவை முப்பது எண்ணினாள்.

காலையில் வால்வைத் திறந்தார்கள். சுப்பராயன் இரண்டாம் மாடிக்கு வந்து அந்த எல்போவை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். கை ஈரமாகவில்லை.

"நீ சொல்லாங்காட்டி எங்களுக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்," என்றார். "மொட்டமாடி டேங்க் சாவிய இனிமே நீயே வெச்சுக்கோ, மலரு."