காளான் சோதி

ஒஸ்லோத் தமிழருக்குள் இலையுதிர்காலம் எப்போது வரும் என்று ஆசையோடு பார்த்திருந்த மனிதர் சோதிலிங்கம் ஒருவராகத்தான் இருக்கும். மற்றச் சனம் செப்டெம்பர் பிறந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இனி ஆறு மாதத்துக்கு இருட்டுத்தான் என்று புலம்பத் தொடங்கிவிடும். இந்த மனுசன் மட்டும் பெரிய சட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கிக் கழுவி வைப்பார். பஸ் ஓட்டிப் பிழைக்கிற ஆள். காலையில் மழைக்குள் போய்ப் பின்னேரம் மழைக்குள் வருகிற வேலை. ஆனால் நகர ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடி வீட்டுக்குள் வந்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு அடுப்படியில் நின்றாரென்றால் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் கிடையாது. கோவா இலைகளையும் ஆட்டிறைச்சியையும் அடுக்கடுக்காய் வைத்து நோர்வேக்காரர் அவிக்கிற சாப்பாட்டை அவரும் அவிப்பார். அவர்கள் மிளகை முழுசாய்ப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது ஒதுக்கி வைப்பார்கள். இவர் இடித்துப் போட்டு, கறிவேப்பிலையும் இரண்டு செத்தல் மிளகாயும் சேர்ப்பார். வாசம் கீழ்வீடு வரைக்கும் போகும்.

காளான் சோதி என்று அவருக்குப் பெயர் வைத்ததும் சும்மா இல்லை. கூட பஸ் ஓட்டுகிற ஓட்வார் என்ற நோர்வேக்காரன் ஒருமுறை அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், பாசிக்குள் ஒளிந்து நிற்கிற ஒரு மண்ணிறக் காளானைக் காட்டிக் கொடுத்தான். நடுவில் குழிந்து, மஞ்சள் தண்டோடு நிற்கும். ஒன்றைக் கண்டால் பக்கத்தில் நூறு இருக்கும். அன்று பிடித்த பைத்தியம். இலையுதிர்கால ஞாயிறுகளில் கூடையும் கத்தியுமாய்ப் புறப்பட்டுவிடுவார். திரும்பி வரும்போது, காட்டு வாசலில் மேசை போட்டு இருக்கிற பரிசோதகர்கள் முன்னால் கூடையைக் கவிழ்ப்பார். காளான் தெரிந்த அந்தச் சனம் காசு வாங்காமல் ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்து, இது தின்னலாம், இது ஆகாது என்று சொல்லும். சோதிலிங்கத்தின் கூடையில் ஒருநாளும் ஒரு பிழை இருந்ததில்லை. அதில் மனுசனுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் மண் விழ.

மனைவி விமலாதேவி அந்தக் காளானைத் தொட்டதே இல்லை. பன்றி மேய்கிற இடத்தில் முளைச்சதை வீட்டுக்குள் கொண்டுவராதையுங்கோ என்பாள். அவர் தனியாய்ச் சமைத்துத் தனியாய்ச் சாப்பிடுவார். இலையுதிர்காலம் என்றால் அவளுக்கு ஆகாது. முக்கியமாய் அந்த மெழுகுதிரிகள். பின்னேரம் நாலு மணிக்கே நோர்வேக்காரர் யன்னலில் மெழுகுதிரி ஏற்றிவைத்து, அதில் என்னவோ பெரிய சுகம் இருப்பதுபோலச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காய்க் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரியேற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளை பெற்றவள் அவள். கரண்ட் இருக்கிற ஊரில் இவர்களுக்கு ஏன் இந்தக் கோலம் என்று கேட்பாள். கேள்வி நியாயம்தானே.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஓகஸ்டில் ஒரே மகள் கம்சிகா படிப்புக்காகத் துரொண்ட்ஹெய்முக்குப் போனாள். வீடு வெறிச்சோடிவிட்டது. விமலாதேவி முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் வேலை முடிந்து வந்து, யக்கெட்டைக்கூடக் கழற்றாமல் லைட் போடாமல் கதிரையில் இருப்பாள். சமையல் இல்லை, கதை இல்லை. சோதிலிங்கம் வந்துதான் லைட்டைப் போடுவார். இந்த ஊரில் ஒரு இலையுதிர்காலமாவது இவள் சந்தோசமாய் இருந்திட வேண்டும் என்று மனுசன் தவமிருந்தார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிசயம்தான், நானும் வாறன் என்று அவளாகவே சப்பாத்தைப் போட்டாள். காட்டுக்குள் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நடந்தாள். பிறகு பாசிக்குள் அவளுடைய கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அதன் பிறகு பிடிக்க முடியவில்லை. இஞ்சை ஒண்டு, அங்கை பாருங்கோ ஒரு கூட்டம் என்று சின்னப்பிள்ளைபோல அவள் கைகாட்டக் கைகாட்ட, அவர் குனிந்து குனிந்து வெட்டிக் கூடையில் போட்டார். அவள் சிரித்து எவ்வளவு காலம்! வெட்டுகிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கிற மனிதர், அன்று காளானைப் பார்த்ததைவிட அவளுடைய முகத்தைத்தான் கூடப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பரிசோதகர்களின் மேசைக்கு முன்னால் நீளமாய் வரிசை. விமலாதேவி நடுங்கத் தொடங்கினாள், உதடு நீலம் பாரித்துவிட்டது. சோதிலிங்கம் வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் ஒரு பிழை வந்ததா, வா போவம் என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அன்று பின்னேரம் அந்த வீட்டில் நடந்ததைச் சும்மா சொல்லக்கூடாது. அப்படி ஒரு பின்னேரம் அவர்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விமலாதேவி சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்தும் போடாமல் வைத்திருந்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் புட்டு அவித்தார். காளானை வெங்காயத்தோடு வதக்கி, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினார். கறியின் ஆவியில் யன்னல் கண்ணாடி மூடுண்டு போயிற்று. அவள் லாச்சியைத் திறந்து, மகள் விட்டுப்போன மெழுகுதிரியை எடுத்துத் தானே ஏற்றினாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் திரியை அணைத்துவிடுவாளோ என்று சோதிலிங்கத்துக்குப் பயம்.

சாப்பிட அவளுக்கு இன்னும் தயக்கம் இருந்தது. அவர் தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து முதல் வாயைப் போட்டு மென்று காட்டினார். பிறகு அவளும் தொட்டு வாயில் வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் போடுங்கோ.”

சட்டி காலி. சோதிலிங்கம் தன்னுடைய கோப்பையில் இருந்த கறியை அப்படியே வழித்து அவளுக்குப் போட்டார். அந்த மனுசன் அன்று புட்டைச் சீனியோடு சாப்பிட்டுவிட்டு, வயிறும் மனமும் நிறைந்துபோய்ப் படுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை ஒன்றும் இல்லை. பிறகு அவளுக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. தேத்தண்ணிக்கு மேலே தேத்தண்ணி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரி உளைகிறது என்றாள். தடிமன் காய்ச்சலாக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். வாந்தி எடுத்து, சலம் போவது நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இளவயது டொக்டர்ப் பெண் ஒருத்தி, அண்மையில் காளான் ஏதும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஓம், நானே வெட்டி நானே சமைச்சது என்று சோதிலிங்கம் நோர்வேஜிய மொழியில் பெருமையாய்ச் சொன்னார். சொல்லி முடிக்கு முன்னமே அவளுடைய முகத்தைக் கண்டுவிட்டார். நல்ல காளான் நிற்கிற அதே பாசிக்குள் அதே மண்ணிறத்தில் இன்னொன்றும் நிற்கும் என்றாள் அவள். அவித்தாலும் அதன் நஞ்சு போகாது. நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அது சிறுநீரகத்தில். மாற்று மருந்து கிடையாது.

விமலாதேவியின் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கிழமைக்கு மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்திகரிக்கிற சீவியம். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தன்னுடைய சிறுநீரகத்தைத் தர வந்த கம்சிகாவை, பிள்ளையினுடையது வேண்டாம் என்று விமலாதேவி படிப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். என்னுடையதை எடுங்கோ என்று சோதிலிங்கம் கெஞ்சினார். சோதித்துப் பார்த்தால் அவருடையதிலும் அந்த நஞ்சு கொஞ்சம் கைவைத்திருந்தது. அவர் சீவிக்க அது போதும், அவளுக்குக் கொடுக்க ஆகாது என்றுவிட்டார்கள். பாவி மனுசன் செய்த குற்றத்துக்குத் தண்டனைகூட ஒழுங்காய்க் கிடைக்கவில்லை.

சனம் பார்க்க வந்தது. வந்தவர்களுக்கு அவர் தேத்தண்ணி போட்டார். இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்றார்கள். பிஸ்கற்றைக் கோப்பையில் வைத்து நீட்டினால், சீனி வருத்தம் என்று கையை இழுத்துக்கொண்டார்கள். பெட்டியில் அடைத்த பிஸ்கற், கடையில் வாங்கியது! காளான் சோதி என்ற பெயரை இப்போது முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் வேறு தொனியில் சொன்னார்கள். கோயிலில் மரக்கறி வெட்டப் போனபோது, நீங்கள் இருங்கோ அண்ணை என்று ஒருத்தர் மரியாதையாய்க் கத்தியை வாங்கி வைத்தார். அதோடு அவர் கோயில் அடுப்படிக்கும் போவதில்லை.

அதெல்லாம் போகட்டும். சனத்தை அவர் பொறுத்துக்கொண்டார். விமலாதேவியும் அவருடைய கையால் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. பசிக்கேல்லை என்பாள். தேத்தண்ணியைத் தானே எழும்பிப்போய்ப் போட்டுக்கொள்வாள். அவளுடைய தங்கை சிறிதேவி லில்லெஸ்ட்ரோமில் இருந்து ரயிலில் சாப்பாட்டுப் பெட்டிகள் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவாள். அதைச் சூடாக்கி விமலாதேவி சாப்பிடுவாள். அவர் சமைத்ததை அவர் மட்டும் சாப்பிட்டார். பிறகு சமைப்பதையே விட்டு, பாணும் சீஸும் தின்றார். என்னை அடித்தாலும் பரவாயில்லை, ஒரு வாய் சாப்பிடு என்று அவருடைய மனம் கிடந்து கத்தும். வாய் திறக்காது. எந்த வாயால் கேட்பது?

அடுத்த ஒக்டோபரும் வந்தது. சிறிதேவிக்குக் காய்ச்சல். கிருமியைக் கொண்டு அக்காவிடம் வரக்கூடாது என்று நின்றுவிட்டாள். பெட்டிகள் முடிந்துபோயின. அன்று மெசினில் இருந்து வந்த விமலாதேவி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கதிரையில் விழுந்தாள். எழும்பித் தேத்தண்ணி போடவும் சீவன் இல்லை.

சோதிலிங்கம் அடுப்படிக்குள் போனார். அவளுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சிறிதேவிக்குச் சொல்லிக்கொடுத்தபோது இவரும் பின்னால் நின்று கேட்டவர்தான். உருளைக்கிழங்கைச் சின்னதாய் வெட்டி ஊறவிட்டு, அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் திரும்ப அவித்தார். கோவாவுக்கும் அதேதான். உப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. மிளகு கொஞ்சம், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சோறு, இரண்டு துண்டு கோழி. வெளியே மழை யன்னலில் அடித்தது. கையால் தொட்ட ஒவ்வொன்றையும் மூன்று முறை கழுவினார். வீட்டில் இருந்த லைட் எல்லாவற்றையும் போட்டார், கோப்பையில் இருப்பது அவளுக்கு நன்றாய்த் தெரியட்டும் என்று.

கோப்பையை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் போட்டு, நின்றபடியே அவள் பார்க்க முதல் வாயைச் சாப்பிட்டுக் காட்டினார்.

விமலாதேவி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்டைக்கும் நீங்கள்தானே முதல் சாப்பிட்டனீங்கள்.”

கோபமாய் அவள் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரித்தான் சொன்னாள். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவர் குனிய, அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. உப்பில்லாத அந்தச் சோற்றை மனுசி ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, விரலால் கோப்பையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ.”

சட்டியில் கறி இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர் சொன்ன அளவு முடிந்துவிட்டது.

“ஏலாதம்மா,” என்றார் சோதிலிங்கம். “உமக்கு இவ்வளவுதான்.”

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவ எழும்பினாள். அவர் அவளுடைய வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை வெளிச்சத்துக்குள்ளும் நின்று, வாய்விட்டு அழுதார்.