துடுப்புக்காரன் தோளில் ஒரு குழி

நம்பினால் நம்புங்கள். என் கையால் நடந்தது இது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1951, அக்டோபர். பாரிஸை ஒட்டிய மலாக்கோஃபில், வெண்கல வார்ப்புப் பட்டறை ஒன்றில் எனக்கு அரத்தால் அராவும் வேலை. மார்ன் நதிப் படகுப் போட்டிக்குப் பரிசுச் சிலை வார்த்திருந்தோம். துடுப்பை உயர்த்திப் பிடித்த இளைஞன்; முழ உயரம். ஜெயித்தவர் ஒரு வருடம் வைத்திருப்பார். பிறகு அடுத்தவர் பெயரைப் பொறிக்க எங்களிடமே வரும்.

சிலையின் தோளில் சின்னக் குழி. அதைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம். எங்கள் பட்டறையில் வட்டம் போட்டால் 'பழுது, சரிசெய்' என்று அர்த்தம். நானும் வெண்கலம் வைத்து அடைத்து, அராவிச் சமமாக்கினேன்.

மறுநாள், அந்தச் சிலையை வடித்த சிற்பி பெலார் வந்தார். கறுப்புக் கோட்டு.

"எத்தியேன், நான் வட்டம் போட்டிருந்தேனே... வார்க்குறதுக்கு முன்னாடி, மெழுகு உருவத்துல என் பொண்ணு சொலாஞ்ச் கட்டைவிரல அழுத்தின தடம் அது. யாரும் தொடக்கூடாதுன்னுதான் போட்டேன். நேத்துதான் அவளப் புதைச்சோம்."

ஆறு வயதுக் குழந்தை. காய்ச்சல். கையிலிருந்த அரத்தை மேசைக்கடியில் தள்ளினேன்.

"ஆசிட்ல கழுவுறப்ப கரைஞ்சு போச்சு, முசே."

கோழைப் பயல் நான். அவரோ என் முதுகைத் தட்டி, "உன் தப்பு இல்லப்பா" என்றார். இன்றும் குத்துவது அதுதான்.

அடுத்த அக்டோபரில் சிலை திரும்பி வந்தது. அதே இடத்தில்... குழி.

வெளியே தெரிந்தால் என் பொய் நாறிவிடும். சாப்பாட்டு வேளையில் தனியாக அடைத்தேன். அடுத்த வருடமும் குழி. அதற்கடுத்த வருடமும். நானும் அடைத்துக்கொண்டே இருந்தேன்.

1957, அக்டோபர் 9. பகல் 12.20. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குழியின் விளிம்பில் அரத்தை வைத்தேன்.

கர்ர்...

"ஸ்ஸ்..."

வலி பொறுக்காமல் மூச்சை இழுக்கும் சத்தம். நிறுத்தினேன். அதுவும் நின்றது.

12.23. மறுபடி அரம்.

"ஸ்ஸ்ஸ்..."

என் காதருகே.

அரம் நழுவி விழுந்தது.

சிலையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பெலார் வீட்டுக்கு ஓடினேன். ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். வருடாவருடம் அடைத்ததையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். நெடுநேரம்.

"இது ஆறு வயசுக் குழந்தை விரல் இல்லடா. பன்னண்டு வயசுப் பொண்ணு விரல்."

குழியிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்.

"வளர்ந்திருக்கா... நடுவுல இருந்த வருஷமெல்லாம் எங்கடா?"

எல்லாவற்றையும் நான் அராவித் தள்ளியிருந்தேன்.