தாய்மாமன் ஏழு தடவை வந்த கல்யாணம்

ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு நிறுவனம் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. மேல்புளியங்கொல்லை செந்தாமரையைப் பற்றி அதில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "பெண். தொழில்: இல்லத்தரசி. கணினி அறிவு: இல்லை. பயில விருப்பம்: இல்லை. வீட்டில் முடிவெடுப்பவர்: கணவர்."

இதில் முதல் சொல் சரி. மற்றவற்றுக்காகக் கணக்கெடுக்க வந்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவள் வந்த அன்று இல்லத்தரசி இல்லத்தில் இல்லை. செங்கத்தில் புளி விற்றுக்கொண்டிருந்தாள். பதில் சொன்னவர் கணவர் முனியன். அவரும் சும்மா சொல்லிவிடவில்லை. மனைவிக்குப் போன் போட்டு, "யாரோ வந்து கேள்வி கேக்குறாங்க, பதில் சொல்லட்டுமா?" என்று கேட்டு, அனுமதி கிடைத்த பிறகுதான் முடிவெடுப்பவர் தாம்தான் என்று எழுதவைத்தார்.

செந்தாமரை மலையில் புளி வாங்கிக் கீழே விற்கிறவள். எந்தப் பொருளையும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று. புளியிலும் பலாவிலும் இந்தக் கொள்கை அவளைக் கைவிட்டதில்லை. அதனால் உலகம் முழுவதற்கும் அது பொருந்தும் என்று நம்பினாள். அப்படிப்பட்டவள் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப் போனதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் கோவிந்தன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் செந்தாமரையின் மகன் அருண்ராஜுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் கோவிந்தன் சீர் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்துச் சீர் வெள்ளித் தட்டில், கண்ணாடித் தாள் சுற்றி வருவதில்லை. சாமை மூட்டை, தேன் டின், புளி, ஒரு கிடா, பலாப்பழங்கள் எல்லாம் பங்காளிகளின் தலையிலும் தோளிலும் மேளத்தோடு வரும். மாமனே ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்து முன்னால் நடப்பார். கோவிந்தன் பொறுக்கியெடுத்த பலா, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டிய பலா.

கல்யாண வீடியோ அடிவாரத்து ஸ்டுடியோ ஒன்றில் தயாராகி வந்தது. குடும்பமே கூடி உட்கார்ந்து பார்த்தது. சீர் வரவில்லை. எடிட்டிங் செய்தவன் சமவெளிக்காரன். மூட்டையும் டின்னுமாக ஆட்கள் வருவதைப் பார்த்து, சமையலுக்குச் சாமான் இறங்குகிறது என்று நினைத்து மொத்தத்தையும் தூக்கிவிட்டான். அந்த இடத்தில் மணமக்கள் பனிமலையில் கைகோத்து நிற்பதுபோல ஒரு பாட்டு. ஜவ்வாது மலையில் பிறந்தவனை இன்னொரு மலையில் கொண்டுபோய் நிறுத்த நேரம் இருந்தது, மாமனுக்கு இல்லை.

கோவிந்தன் 'நன்றி, வணக்கம்' வரை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். போனார்.

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீடும் எதிரெதிர். ஆகவே பேசாமலிருப்பது அவ்வளவு சுலபமில்லை. கோவிந்தன் தம் ஆட்டின் மூலம் பேசினார்.

"இந்த ஊர்ல சில பேருக்குக் கூடப் பொறந்தவன் கண்ணுக்குத் தெரியமாட்டான்டா," என்பார் ஆட்டிடம்.

செந்தாமரை தன் கோழியிடம் சொல்வாள்: "ஸ்டுடியோக்காரன் பண்ண தப்புக்கு நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

இப்படியே எத்தனை நாளும் ஓட்டியிருக்கலாம். ஆனால் மகள் சுவேதாவுக்கு வரன் அமைந்தது. வேலூரில் நர்ஸாக இருப்பவள், கல்யாணம் வைகாசியில். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்துவராமல் பெண் மணவறை ஏறுவது இங்கே நடக்காத காரியம். முனியனைத் தூது அனுப்பினார்கள். அவர் போன வேகத்தில் திரும்பினார்.

"இன்னா சொன்னாரு?"

"மூட்டை தூக்குறவனுக்குப் பத்திரிகை எதுக்கு மச்சான்னு கேட்டாரு. காபி நல்லா இருந்துச்சு."

செந்தாமரை ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். பழைய பதிவெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள். அப்போதுதான் மருமகள் சசிகலா வாயைத் திறந்தாள். சந்தவாசலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் அவள்.

"அத்தை, மாமா சீரை நம்ம ஜனமே போன்ல எடுத்திருக்குமே."

எடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஏழு பேர். சசிகலா தன் போனில் அதையெல்லாம் ஒட்டவைக்கப் பார்த்தாள். போன் சுட்டது, பிறகு அணைந்தது. மறுபடி செய்தாள், மறுபடி அணைந்தது. கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆயிற்று. புதிதாக வாங்க வழியில்லை. பழைய பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்றாள் சசிகலா. பழைய சாமான் என்றதும் செந்தாமரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேரம் பேச இடமுள்ள பொருள்.

வேலூரில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ராஜ்குமார். அலுவலகங்கள் கழித்துப்போட்டதை வாங்கித் துடைத்து விற்பவர். செந்தாமரை ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள்.

"க்கா, இது எடை பாத்து வாங்குற சாமான் இல்லக்கா."

"நீ சும்மா இரு தம்பி. இந்த டப்பா இன்னாத்துக்கு இவ்ளோ லேசா கீது?"

"அது பவர் சப்ளை. மட்டமானது. இதப் பாருங்க, இது கனமா இருக்கும்."

"அப்போ கனமா இருந்தா நல்லதுதானே?"

ராஜ்குமார் மாட்டிக்கொண்டார். பவர் சப்ளையைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரி. நல்ல பவர் சப்ளை கனமாகத்தான் இருக்கும். அந்த ஒரு வெற்றி போதுமே. ராம் என்ற மெமரி அட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, கோழி இறகுக்கு இவ்வளவு விலையா என்றாள். எல்லாவற்றையும் சேமித்துவைக்கிற எஸ்.எஸ்.டி.யைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தீர்ப்பு சொன்னாள். லேசாக இருப்பதால்தான் அது வேகம் என்று சசிகலா கெஞ்சி வாங்கவைத்தாள். அதற்குத் துணையாகக் கனமான பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செந்தாமரை எடுத்துப் போட்டாள். வீடியோக்களைக் கொட்டி வைக்க அதுவும் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம்.

வம்பு மானிட்டரில் வந்தது.

"வூட்ல டிவி இருக்குமே, அதையே வச்சிக்கலாம்க்கா," என்றார் ராஜ்குமார்.

"அப்போ எங்க வூட்டுக்காரரை எங்க வச்சிக்கிறது? அவரு அதுக்கு முன்னாடியேதான் குடியிருக்காரு."

தட்டையான மானிட்டர்களைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். மூலையில் தூசி படிந்து, பின்பக்கம் பானைபோல உப்பிய பழங்காலத்து மானிட்டர் ஒன்று கிடந்தது. தூக்கினாள். இரண்டு கையும் இறங்கின. முகம் மலர்ந்தது.

"இது."

"க்கா, இத நான் தூக்கிப்போட வச்சிருக்கேன்."

"எங்க வூட்ல தூக்கிப்போட்டதா நெனச்சிக்கோ."

திரும்பும் பஸ் கணியம்பாடி தாண்டுவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "இதுக்கு லக்கேஜ் போடணும்மா."

"மடியில வச்சிருக்கேன். மடியில இருந்தா அது கொழந்தை."

"கொழந்தைக்கு அஞ்சு வயசுக்கு மேல இருக்கும்போல கீதே," என்று சொல்லிக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குழந்தை பக்கத்து இருக்கைக்காரர் மேல் சாய்ந்தது.

வீட்டுக் கூடத்தில், சாமை உலர்த்தும் பாயை உதறிப் போட்டு அதன் மேல் பூட்டினார்கள். போன் வீடியோவில் ஒருவர் சொல்லச் சொல்ல, சசிகலா திருகாணி முடுக்கினாள். எல்லாம் முடித்துச் சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. "ராம் சரியா உக்காரலபோல அத்தை," என்றாள் சசிகலா. உடைந்துவிடும் என்று பயந்து அவள் அதைப் பட்டும் படாமலும் செருகியிருந்தாள். செந்தாமரை புளியங்கொட்டை பிதுக்குகிற கட்டைவிரலால் அமுக்கினாள். 'டக்'கென்று ஒரு சத்தம். உடைந்ததென்றே நினைத்து முனியன் டிவியிலிருந்து தலை திருப்பினார். திரை வெளிச்சமானது.

வேலை தொடங்கிய பிறகு தெரிந்தது, இந்தக் கம்ப்யூட்டருக்கு எதிரி ஊரிலிருக்கும் சாமை அரைக்கிற மெஷின் என்று. மெஷின் ஓடினால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் அணைந்து, செய்த வேலையெல்லாம் போகும். செந்தாமரை மெஷின்காரரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை; பகல் முழுவதும் மெஷின் நின்றது. சாமை அரைக்கச் சாயங்காலம் வரிசை நின்ற பெண்கள், "படம் முடிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு," என்று முனகினார்கள். ஆனால் முனகியவர்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தில் இருந்தார்கள். அதுதான் அடுத்த தொல்லை.

தாங்கள் எங்கே வருகிறோம் என்று பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் போதாது என்றார்கள். மாணிக்கம்மாள் என்ற ஒன்றுவிட்ட அத்தை, பந்தியில் தன்னை இரண்டாவது தடவை பாயசம் வாங்கும்போது மட்டும் காட்டியிருப்பதாகவும், முதல் தடவையையும் சேர்த்தால்தான் நியாயம் என்றும் சொன்னாள். சேர்த்தார்கள். ஒருத்தரையும் வெட்டக் கூடாது என்பது செந்தாமரையின் சட்டம். ஏற்கெனவே ஒரு வெட்டால் பட்டது போதும். எடிட்டிங் என்றால் வெட்டுவது என்று உலகம் நினைக்கிறது; மேல்புளியங்கொல்லையில் அது சேர்ப்பது. தன்னை எடுத்துவிடச் சொன்னவர் முனியன் ஒருவர்தான். மேடையோரம் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துடச் சொல்லேன், மானம் போவுது."

"நீ வேற எங்கயும் தெரியல. இதையும் எடுத்தா, பெத்தவனே கல்யாணத்துக்கு வரலன்னு ஆயிடும்."

சீர் வரும் காட்சி ஏழு போனில் இருந்ததால், ஏழையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கச் சொன்னாள். ஆக, கோவிந்தன் ஏழு தடவை வருவார். ஏழு தடவையும் பலாப்பழத்தோடு. பனிமலைக்கு இதுதான் பதில் என்றாள்.

ஐந்தாவது போனில்தான் அது இருந்தது. மேளம் ஒரு நிமிடம் ஓய்ந்த இடத்தில், ஒரு பெண் குரல். சசிகலா அதைக் கூர்ந்து கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மாமியார் காதில் வைத்தாள்.

"மூட்டையெல்லாம் இன்னாத்துக்கு இங்க? வழியில நிக்காதீங்க! பின்னாடி சமையல்காரன்கிட்ட கொண்டுபோய் போடுங்க!"

படத்தில், பலாப்பழத்துக்கு அடியில் கோவிந்தனின் முகம்.

"யாருடி இது, இப்பிடிக் கத்துறா?"

"நீங்கதான் அத்தை."

"என் கொரலு இப்பிடியா கீது?"

மறுபடி போடச் சொன்னாள். குரல் மாறவில்லை. தேடிப் பார்த்ததில் இன்னும் இரண்டு போன்களிலும் அது விழுந்திருந்தது. ஸ்டுடியோக்காரன் தானாக எதையும் நினைத்துக்கொள்ளவில்லை; வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு அதன்படி நடந்திருக்கிறான். கோவிந்தன் வீடியோவுக்காக மட்டும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பந்தலில் வாங்கிய அவமானத்தை மறுபடி திரையிலும் வாங்கியிருக்கிறார். கல்யாண அவசரத்தில் வந்தவர் யார் என்றுகூடப் பார்க்காமல் கத்தியவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

செந்தாமரை கொஞ்ச நேரம் மானிட்டரின் முதுகில் படிந்த தூசியைத் துடைத்தாள்.

"வெட்டு."

"யாரையும் வெட்டக் கூடாதுன்னு நீங்கதானே அத்தை..."

"வெட்டுடி."

கத்தரிப் படம் போட்ட பொத்தானைச் சசிகலா அதுவரை தொட்டதில்லை. அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

படம் முடிந்தபோது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. முனியனிடமிருந்து டிவியை மீட்டு வாசலில் வைத்தார்கள். ஊரே வந்தது. கோவிந்தன் வரவில்லை, எதிரே தம் வீட்டு வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே திரை நன்றாகத் தெரியும். அவர் மனைவி ஈஸ்வரி மட்டும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

சீர் வந்தது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"யோவ், இன்னொரு பலா!" என்று ஈஸ்வரி திரும்பிக் கத்தினாள். "இவ்ளோ சீரா நாம செஞ்சோம்? எனக்குச் சொல்லவேயில்ல!"

ஐந்தாவது தடவை படம் குதித்தது. பந்தல் வாசலில் நின்ற கோவிந்தன் கண் மூடித் திறப்பதற்குள் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். ஆறாவதிலும் அப்படியே. ஏழாவதில், குதிக்கப்போகும் இடத்துக்கு முன்னால், கோவிந்தன் ஆட்டை விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து நின்றார். படம் குதித்தது.

"தாமரை," என்றார். ஆட்டிடம் அல்ல. "அந்த எடத்துல ஒரு பேச்சு வருமே. எங்க அது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சசிகலா செருப்பைப் பார்த்தாள்.

"சரியா விழலண்ணா," என்றாள் செந்தாமரை.

"எனக்கு நல்லாத்தான் விழுந்துச்சு."

"எனக்கும் இப்பத்தான் விழுந்துச்சு."

கோவிந்தன் கூட்டத்துக்குள் நுழைந்தார். பிறகு முனியன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைத் தட்டினார். "நவுரு மச்சான். கல்யாணத்துல தூங்குனது போதும், இங்கயாவது எடம் குடு." மீதி இரண்டு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தார். மாணிக்கம்மாள் பாயசம் வாங்கியதை இரண்டு தடவையும் பார்த்தார்.

வைகாசி மாதம், சுவேதா கல்யாணத்தன்று, மேளம் தெருமுனையில் திரும்பியபோதே செந்தாமரை சமையல்கட்டை விட்டு வந்து பந்தல் வாசலில் நின்றாள். அண்ணன் தலையிலிருந்த பலாப்பழத்தைத் தன் கையால் இறக்கி, மணவறைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.