அடையாள அட்டையில் இல்லாத முகம்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீடொன்றில் நேசமலர் தனியாக இருந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவர் இறந்த பிறகு முன்னறையை வாடகைக்குக் கொடுத்தாள். முதலில் வந்து இருந்தவன் அமைதியான பையன். அதிர்ந்து கதைக்க மாட்டான், கேட்டால் தேங்காயும் துருவிக் கொடுப்பான். அது யுத்த காலம். ஒருநாள் பொலிஸ் வந்து சந்தேகத்தில் அவனைக் கொண்டுபோனது. பிறகு நேசமலரையும் கொண்டுபோய் பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் இருத்தி, அவனைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி மாறி மாறிக் கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது அவனுடைய பெயரும் தேங்காயும்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவுதானா தெரியும் என்று சிரித்தார்கள்.

அதிலிருந்து அவள் அமைதியான ஆட்களை நம்புவதில்லை. ஆளில்லாத நேரத்தில் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குத் தமிழ் ஆட்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதற்கு அடுத்த வருஷம், கோப்பாயைச் சேர்ந்த கனகேஸ்வரி அறை கேட்டு வந்தாள். இருபத்தேழு வயது. காலி வீதியில் விமான டிக்கெட் விற்கும் ஒரு கந்தோரில், ஆட்கள் வந்து நிற்கும் கவுண்டரில் வேலை. அடையாள அட்டையில் இருந்த முகம் உருண்டையாக, மினுமினுப்பாக இருந்தது. எதிரே நின்றவளின் கன்னமும் நாடியும் பருவும் கறுப்புத் தழும்புமாக இருந்தன.

“இது நீர்தானோ?” என்று நேசமலர் கேட்டாள்.

“ஓம் அன்ரி. பள்ளியில ஏ.எல். படிக்கேக்க எடுத்த படம்.”

நேசமலர் அட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் திறப்பைக் கொடுத்தாள். வாடகைக்கு வந்தவளைப் பொலிஸில் பதிவதையும் அன்றைக்கே முடித்தாள்.

சில மாதங்கள் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கூடையில் கிடந்தது லுத்பியாவின் கடையில் வாங்கிய, பருவுக்குப் பூசும் ரெட்டினோல் கிறீம் பெட்டிதான். லுத்பியா ஒழுங்கை முகப்பில் ஃபேன்சி கடை வைத்திருந்தாள். டுபாயிலிருந்து வரும் கிறீம்களை அவளிடம் வாங்காத பெண்கள் அந்தப் பக்கத்தில் குறைவு.

பிறகு கனகேஸ்வரி மாறத் தொடங்கினாள். அறை யன்னல் சீலை பகலிலும் இழுத்து மூடியே கிடந்தது. மழை இல்லாத நாளிலும் குடை பிடித்தாள். சால்வையைத் தலையோடு சுற்றி முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு, வீதியில் நிழல் விழும் பக்கமாகவே நடந்தாள். வீட்டுக்குள் நேசமலர் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் நடந்து போகும் தூரத்தில் இருந்த பாமன்கடையில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஆனால் ஒரு சனிக்கிழமை நேசமலர் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கையில், பொரளையிலிருந்து வந்த பஸ்ஸில் அவள் இறங்குவதைக் கண்டாள்.

சிநேகிதி சுகமா என்று அன்று பின்னேரம் கேட்டுப் பார்த்தாள். சுகம் என்றாள் கனகேஸ்வரி.

ஒரு பொய் சொல்கிறவள் இன்னும் எத்தனை சொல்லுவாள் என்று நேசமலர் யோசித்தாள். அடுத்த கிழமை அந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கைச் சுற்றியும் வாயோரமும் சிவந்து, தோல் மெல்லிய சருகாக உரிந்துகொண்டிருந்தது. இவள் முகத்தை மாற்றுகிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. யாரிடமிருந்து ஒளிக்கிறாள்?

கனகேஸ்வரி வேலைக்குப் போன பிறகு நேசமலர் மாற்றுத் திறப்பால் அறையைத் திறந்தாள். அலுமாரியில், மடித்து வைத்த காலுறைக்குள் ஒரு சின்ன அலுமினிய டியூப் இருந்தது. பெட்டி இல்லை. மணமும் இல்லை. அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நேரே லுத்பியாவிடம் போனாள்.

லுத்பியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூபில் இருந்த எழுத்தை வாசித்தாள். ட்ரெட்டினொயின் என்று இருந்தது.

“இது பருவுக்கு டொக்டர் எழுதித் தாற மருந்து அக்கா, கடையில விக்க ஏலாது” என்றாள். “நான் விக்கிறதும் இந்தச் சாதிதான். ஆனா இது சரியான கடும். பூசினா வெயில்ல போகப்படாது. புள்ள வயித்துல இருந்தா பூசவே ஏலாதுன்டும் போட்டீக்கு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே மனத்தாங்கல் வந்துவிட்டது. தன்னுடைய சாமான் சரியில்லையென்று அந்தப் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் டொக்டரிடம் போயிருக்கிறாளே என்று குறைப்பட்டாள். கடையில் வாங்கியதைப் போலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளோ என்றும் கேட்டாள்.

வெயிலுக்கு முகத்தை மறைப்பதன் காரணம் தெரிந்தும் நேசமலருக்கு மனம் ஆறவில்லை. வெறும் பருவுக்கு மருந்து என்றால் காலுறைக்குள் ஏன் ஒளிக்க வேண்டும்? பொரளைக்குப் போய் வந்து பாமன்கடை என்று ஏன் சொல்ல வேண்டும்? டியூபைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது எந்தக் காலுறை என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

அன்று பின்னேரம் கனகேஸ்வரி அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுத்த நாளிலிருந்து கைப்பையை அவள் குளியலறைக்கும் கொண்டுபோனாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரின் காலடிச் சத்தத்தை மற்றவர் கவனித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஒக்டோபரில் ஒரு விடியற்காலை பொலிஸும் ஆமியும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் அடையாள அட்டையுடன் கீழே இறங்கச் சொன்னார்கள். முகம் கழுவவும் நேரமில்லாமல் வந்த கனகேஸ்வரியின் கன்னம் முன்பைவிடச் சிவந்திருந்தது. ஓர் அதிகாரி அட்டையை அவளுடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது எப்படி எரிந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளுக்கு அவ்வளவு சிங்களம் தெரியாது. பதறிப்போய்க் கைப்பையைத் திறந்து டியூபை எடுத்து நீட்டினாள். அதுவும் பிழையாகிப் போனது. என்னவென்று தெரியாத ஒரு டியூபை யாரும் பிடித்துப் பார்க்க விரும்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

இவளைத் தெரியுமா என்று அதிகாரி நேசமலரைப் பார்த்துக் கேட்டார்.

அந்தப் பழைய வாங்கு நேசமலருக்கு நினைவுக்கு வந்தது. தெரியாது என்றால் வீட்டில் ஏன் வைத்திருக்கிறாய் என்பார்கள். தெரியும் என்றால் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அவள் பொறுப்பு. கனகேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியும்” என்று நேசமலர் சிங்களத்தில் சொன்னாள். “எரிகாயம் இல்லை. பருவுக்கு டொக்டர் கொடுத்த மருந்து. அதைப் பூசினால் தோல் உரியும்.”

ட்ரெட்டினொயின் என்ற பெயரையும் சொன்னாள். தான் ஒருநாளும் சொல்லாத அந்தப் பெயர், சிங்களம் விளங்காத கனகேஸ்வரிக்கும் விளங்கியது. அவளுடைய பார்வை மாறியதை நேசமலர் கண்டாள்.

அதிகாரி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி கனகேஸ்வரியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஏறும்போது கனகேஸ்வரி பொரளை டொக்டரின் பெயரை மட்டும் நேசமலருக்குச் சொன்னாள்.

நேசமலர் ஓட்டோ பிடித்துப் பொரளைக்குப் போனாள். தோல் டொக்டர் சிங்களப் பெண்மணி. முதலில் அவருக்கும் சந்தேகம்தான். நீங்கள் யார், அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு, உங்களிடம் ஏன் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நேசமலர் தன் அடையாள அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்ன பொலிஸ் நிலையத்துக்கு டொக்டர் தாமே தொலைபேசி எடுத்து, தம்மிடம் வரும் நோயாளிதான் என்றும், அந்தச் சிவப்பு மருந்தினால் வந்தது என்றும் விளக்கினார். மத்தியானம் கடந்த பிறகு கனகேஸ்வரியை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் கதைத்தாள்.

“தோல் டொக்டரிட்டப் போறன் எண்டா, ஏதோ தொத்து வருத்தம் எண்டு நினைச்சு அறையை விடச் சொல்லுவியள் எண்டு பயந்தனான். அதுதான் பாமன்கடை எண்டு சொன்னனான்.”

சொல்லியிருப்பேன்தான் என்று நேசமலருக்குத் தெரியும். அலுமாரியைத் திறந்ததைப் பற்றி அவளும் சொல்லவில்லை, கனகேஸ்வரியும் கேட்கவில்லை.

கனகேஸ்வரி அந்தச் சனிக்கிழமை பொரளைக்குப் போவதை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். மருந்தை விடப்போவதாக அவள் சொன்னபோது, விடாதே என்று டொக்டர் மறித்தாராம். தழும்பு மங்கத் தொடங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உரிவதும் நின்றுவிடும் என்றாராம். கடையில் விற்கும் ரெட்டினோல் தோலுக்குள் போய்த்தான் இந்த மருந்தாக மாற வேண்டும், மாறுவதும் கொஞ்சம்தான், அதனால் அது அவ்வளவு எரிக்காது, பலனும் தாமதமாகத்தான் தெரியும் என்று விளங்கப்படுத்தினாராம். ஆனாலும் கனகேஸ்வரி திரும்பி வரும்போது லுத்பியாவின் கடையில் நின்று பழைய கிறீமையே வாங்கி வந்தாள்.

“நல்ல மருந்தை விட்டிட்டு என்னத்துக்கு இது?” என்று நேசமலர் கேட்டாள்.

“இது மெல்ல மெல்லத்தான் மாத்தும் அன்ரி. மெல்ல மாறினா ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்.”

அதற்குள் கந்தோரில் அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் இருத்திவிட்டார்கள். முகத்துக்காகவா, பொலிஸ் கொண்டுபோனதற்காகவா என்று யாரும் சொல்லவில்லை. கனகேஸ்வரி அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். வருஷம் முடியுமுன் வேறிடம் பார்த்துக்கொண்டு போனாள். கந்தோருக்குக் கிட்ட என்று காரணம் சொன்னாள். நேசமலர் அதை நம்பவில்லை.

யுத்தம் முடிந்து, வீதியில் மறித்து அட்டை பார்ப்பது குறைந்த பிறகு, கனகேஸ்வரி மறுபடியும் பொரளை டொக்டரிடம் போவதாக லுத்பியா சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அவளுக்குக் குறைதான். முன்னறை வெகுகாலம் வெறுமையாகக் கிடந்தது. கேட்டு வந்தவர்களிடம், வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது என்று நேசமலர் சொல்லிக்கொண்டிருந்தாள்.