வேலை தேடும் வேலையில் எட்டு மாதம்

வேலை தேடுவதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, ராஜினாமா செய்யவும் வழியில்லை. இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை ஆபீசில் பதினோரு வருஷம் லோடு அனுப்பும் பிரிவில் இருந்தேன். ஆலை கைமாறியது. புது முதலாளி தன் ஆட்களோடு வந்தார், நான் டிபன் பாக்ஸோடு சேலத்துக்குத் திரும்பினேன். முப்பத்தொன்பது வயது; வீட்டில் நான் ஒருத்திதான். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் எல்லாரும், "வேலை கெடச்சுதா ஸ்டெல்லா?" என்றார்கள். நாலாவது மாதம் என்னைப் பார்த்ததுமே அவர்களுக்கு ஏதாவது அவசரம் வந்துவிடும். அதற்கப்புறம் என்னிடம் அக்கறையாகப் பேசியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள்தான்.

ஆனி மாதத்து ஆலை

லாட்ஜ் ரூமில் இன்டர்வியூ என்றபோதே நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் டை கட்டிய ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, உட்கார்ந்துவிட்டேன். கெங்கவல்லியில் ஜவ்வரிசி ஆலை, சூப்பர்வைசர் வேலை, திங்கட்கிழமையே சேரலாம், யூனிஃபார்முக்கும் டிரெயினிங்குக்கும் மட்டும் இப்போதே கட்டிவிட வேண்டும் என்றார்.

அப்போது ஆனி மாதம். ஜவ்வரிசிக்கு அரைக்கும் மரவள்ளிக்கிழங்கு வரத்து நின்று அந்தப் பக்கத்து ஆலைகள் பூட்டிக்கிடக்கும் காலம். "கிழங்கே வராதப்ப திங்கக்கிழமை நான் எதை சார் சூப்பர்வைஸ் பண்றது?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் பயோடேட்டாவை அழகாக மடித்து என்னிடமே நீட்டினார்.

"மேடம், நீங்க வேலை தெரிஞ்சவங்க. எங்களுக்கு வேலை தெரியாதவங்கதான் வேணும்."

மல்லசமுத்திரத்து பெஞ்ச்

அடுத்து, டெபாசிட் கட்டச் சொல்லி வேலைக்கான ஆர்டரே மெயிலில் வந்தது. மல்லசமுத்திரத்தில் ஏற்றுமதிக் கம்பெனி. பணம் கட்டும் முன் இடத்தை நேரில் பார்த்துவிடு என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அதனால் பஸ் ஏறினேன். அந்த முகவரியில் இருந்தது தேய்ந்த லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்யும் பட்டறை. கையெல்லாம் கரியாக நின்ற பட்டறைக்காரர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெஞ்சைக் காட்டி, ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தார். தினமும் ரெண்டு பேராவது இப்படி வருவதால், அவர்களுக்கென்றே பெஞ்ச் போட்டிருக்கிறாராம்.

"கம்பெனி இங்க இல்லைன்னு வாசல்லயே போர்டு எழுதி வெச்சிருக்கறனுங்க. அதைப் படிச்சுப்போட்டும் எல்லாரும் உள்ள வந்து கேக்கறாங்க. நீங்களும் படிச்சீங்கதானுங்க சாமி?"

ஒரிஜினல்

ஒரு கன்சல்டன்சியில் பணமே கேட்கவில்லை. வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் போதும், சேர்ந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். ஃபைலைக் கவுன்டரில் நீட்டிவிட்டேன். அதை வைக்க அந்தப் பெண் பீரோவைத் திறந்தாள். உள்ளே அடித்தட்டு முதல் மேல்தட்டு வரை ஃபைல்கள். அத்தனை பேரும் சேர்ந்திருந்தால் அத்தனையும் ஏன் இங்கே இருக்கின்றன? வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஓரம் கிழிந்தது.

எனக்குப் பின்னால் நின்றவர் திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீசில் இருந்து வேலை போனவர். "குடுக்காதீங்க" என்று அவரைத் தடுத்தேன். என்னைத் தாண்டிப் போய்த் தன் ஃபைலைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"எங்க ஊட்டு பீரோவுல இருந்து என்னத்தக் கண்டுச்சுங்க? இங்கயாச்சும் ஒரு ஆபீசுல இருக்குதல்லங்க."

பதினொரு மணி

கீர்த்தனா என்று ஒரு பெண் தினமும் காலை பதினொரு மணிக்கு போன் செய்வாள். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டணும். மூன்றாம் நாளே இது மோசடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நம்பரைத் தடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்த போன் அது ஒன்றுதான். பத்தே முக்காலுக்கே முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். குழாய் ஒழுகுவது, முழங்கால் வலி, எல்லாம் அவளிடம்தான் சொன்னேன். இரண்டாம் வாரத்திலிருந்து அவளும் கட்டணப் பேச்சை எடுக்கவில்லை. "நான் கட்டமாட்டேன்னு தெரிஞ்சும் ஏம்மா கூப்பிடறே?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தெனம் எண்பது பேருக்குப் போடணுங்க்கா. எல்லாரும் திட்டறாங்க, இல்லாட்டி அழுவறாங்க. நீங்க ஒருத்தர்தான் பேசறீங்க."

கிடைத்த வேலை

மறுவாரம் அவளே சொன்னாள்: அவர்கள் ஆபீசில் ஆள் எடுக்கிறார்களாம், எனக்காகப் பேசிவிட்டாளாம், கட்டணமே கிடையாதாம். ஆபீஸ் முகவரியையும் அனுப்பினாள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரே ஹாலில் பத்துப் பெண்கள், சேர்ந்துதான் சாப்பிடுவார்களாம். சம்பளத்தைவிட அந்தப் பத்துப் பேர்தான் என்னை இழுத்தார்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன், போய்விடத்தான் மனசு சொன்னது. ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் கூப்பிடப்போவது என்னைப் போலத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு, வரமாட்டேன் என்றேன். "சனிக்கிழமை அந்த முகவரியை போலீசுல குடுக்கப்போறேன், அதுக்குள்ள நீ வெளிய வந்துடு" என்றும் சொன்னேன்.

"நான் வந்துருவேங்க்கா. அப்பறம் உங்களுக்கு யாரு போன் பண்ணுவாங்க?"

ஆக, எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜ வேலைக்கு, விண்ணப்பத்துக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்தது சைபர் கிரைம் போலீசுக்கு இரண்டு பக்கப் புகார். அதைப் படித்துவிட்டு, கோர்வையாக எழுதியிருக்கிறேன் என்று அங்கே பாராட்டினார்கள்.